சன்னலுக்குப் பூட்டு வாங்குமுன்

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். சமயம் பற்றியும் தலவரலாறு பற்றியும் எழுதத் தகுந்த பெரியோர் பலர் இருக்கின்றனர். நானோ கிள்ளான் வட்டாரத்தில் கதவு, சன்னல், கிரில் பொருத்தும் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன். “உங்கள் தொழிலைப் பற்றியே எழுதுங்கள், படிக்கும் அன்பர்களுக்கு உதவும்” என்று அவர்கள் சொன்னதால் துணிந்து எழுதுகிறேன்.

என்னிடம் மக்கள் மிகுதியாகக் கேட்ட கேள்வி, “சன்னலுக்கு எந்தப் பூட்டு நல்ல பூட்டு?” என்பதுதான். அதற்கு நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது வழக்கம். “இந்தச் சன்னலை இரவு மூன்று மணிக்கு, விளக்கில்லாமல், உங்கள் வீட்டில் யார் திறப்பார்கள்?” கேட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பூட்டு மூடுவதற்குத்தானே, இவர் ஏன் திறப்பதைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைப்பார். ஆனால் ஆள் இல்லாத வீட்டுக்கு வேண்டிய பூட்டு வேறு, ஆள் உறங்கும் வீட்டுக்கு வேண்டிய பூட்டு வேறு. கடைக்காரர் இரண்டையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுத்தான் விற்பார். பிரித்துப் பார்த்து வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.

நம் நாட்டுப் புழுக்கத்தில் சன்னல் என்பது முதலில் காற்றுக்காக ஏற்பட்டது. வீட்டின் அறைகளுக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் சன்னல் பரப்பு இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் காற்று தடையின்றிப் போய்வரும் திறப்பு இருக்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகள் கூறுகின்றன. நாமோ வீட்டை வாங்கிய மறுவாரமே அந்தத் திறப்பை இரும்பால் அடைத்து, மேலே பூட்டையும் மாட்டி விடுகின்றோம். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்களுக்காக 1905இல் எழுந்த நூறு குவார்ட்டர்ஸ் வரிசைகளை மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அவை இடிபட்டுப் போயின. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இந்த வீட்டில் கேட்கும் காலத்தில், அண்டை அயலாரே பாதிப் பூட்டாக இருந்தனர். இன்றைய தாமான் வீடுகளில் பகலெல்லாம் ஆள் கிடையாது, எதிர்வீட்டுக்காரரின் பெயரும் தெரியாது. ஆகவே பூட்டு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

திருடன் பூட்டைத் திறந்துகொண்டு வருகிறான் என்று பலர் எண்ணுகின்றனர். 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியின்போது, ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி, யாராலும் திறக்க முடியாது என்று அறைகூவல் விடப்பட்டிருந்த பிராமா பூட்டைச் சாவியில்லாமல் திறந்து காட்டினார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது. நம் பகுதித் திருடனுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது, தேவையும் கிடையாது. அவன் பூட்டைப் பார்ப்பதே இல்லை. பூட்டு எதன்மேல் மாட்டியிருக்கிறதோ அதைப் பார்க்கிறான். கொண்டியைப் பிடித்திருக்கும் அரை அங்குலத் திருகாணி, உளுத்த மரச்சட்டம், கையால் தூக்கினால் வந்துவிடும் கண்ணாடி, இவைதான் அவனுக்கு வாசல். விலையுயர்ந்த பூட்டை வாங்கி நான்கு சிறிய திருகாணிகளில் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகிற வீடுகள் எத்தனையோ.

ஆகவே பூட்டை நினைக்குமுன் உங்கள் சன்னல் எந்த வகை என்று பாருங்கள்.

பழைய மரச் சன்னல் என்றால் மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள்கள் போதும், ஆனால் அவை உண்மையில் குழிக்குள் இறங்க வேண்டும். கீழ்த் தாழ்ப்பாள் இறங்கும் குழியில் ஆண்டுக்கணக்கான தூசியும் சுண்ணாம்பும் அடைத்துக்கொண்டு, தாழ்ப்பாள் கால் அங்குலம்கூட இறங்காமல் நிற்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கின்றேன். வீட்டார் தினமும் தாழிடுவார்கள், சன்னல் தினமும் தாழிடப்படாமலே இருக்கும். ஒரு குச்சியால் குழியைத் தோண்டிச் சுத்தம் செய்வதுதான் அங்கே தேவைப்படும் செலவு.

நாக்கோ என்று நாம் சொல்லும் அடுக்குக் கண்ணாடிச் சன்னலுக்குப் பூட்டு என்று ஒன்று இல்லை. பிடியை இழுத்து மூடினாலும் ஒவ்வொரு கண்ணாடியும் இரண்டு ஓரத்திலும் மெல்லிய தகட்டில்தான் செருகியிருக்கிறது. தகட்டை வளைத்தால் கண்ணாடி ஒவ்வொன்றாக ஓசையின்றி வெளியே வந்துவிடும். சமையலறைக்கும் குளியலறைக்கும் இவ்வகைச் சன்னல்தான் அதிகம், அவை இரண்டும் பின்சந்தைப் பார்த்தே இருக்கும். ஆகவே அங்கே கிரில்தான் பூட்டு. கண்ணாடியின் ஓரத்தைப் பசையால் தகட்டோடு ஒட்டிவிடுவது ஒரு கூடுதல் பாதுகாப்பு. கண்ணாடி உடைந்தால் மாற்றுவது கடினம் என்பது அதன் குறை.

நகர்த்தித் திறக்கும் அலுமினியச் சன்னலே இக்காலத்தில் பெருகியிருக்கிறது. அதன் நடுவில் பிறை வடிவில் ஒரு சிறு கொக்கி இருக்கும். அது சன்னல் காற்றில் ஆடாமல் இருக்க உதவுமே தவிர, அதைப் பூட்டு என்று மதிக்க வேண்டாம். ஒரு சோதனை சொல்கிறேன். சன்னலை மூடிக் கொக்கியையும் போட்டுவிட்டு, நகரும் பலகையை இரண்டு கைகளாலும் மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். அது கீழ்த் தடத்தைவிட்டு எழும்புமானால் வெளியிலிருப்பவனும் அவ்வாறே எழுப்ப முடியும். பல சன்னல்கள் கழன்று வருவது இப்படித்தான். மேல் தடத்தின் உட்கூரையில், பலகைக்கு நேர் மேலே, ஒன்றிரண்டு திருகாணிகளைத் தலை சற்றே கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி இறக்கிவிட்டால் பலகை நகரும், ஆனால் எழும்பாது. அடுத்து, பழைய துடைப்பக் கைப்பிடி ஒன்றை அளவாக வெட்டிக் கீழ்த் தடத்தில் படுக்க வையுங்கள். கொக்கி உடைந்தாலும் சன்னல் நகராது. உள்ளே இருப்பவர் குனிந்து எடுத்தால் போதும், அடுத்த நொடி திறக்கலாம். சாவி வேண்டாம். காசும் இல்லை. நான் இதைச் சொல்லும்போது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், பளபளப்பான ஒன்றை வாங்கத்தான் மனம் விரும்புகிறது.

வெளிப்பக்கம் திறக்கும் கைப்பிடிச் சன்னலில் சிக்கல் வேறு. கைப்பிடிக்கு அருகில் உள்ள கண்ணாடியை உடைத்துக் கையை நுழைத்துத் திருப்பிவிடலாம். அதற்காகவே சாவித் துளை உள்ள கைப்பிடிகள் விற்கின்றன. கீழ்மாடியில், யாரும் படுக்காத அறைகளில் இவற்றைத் தாராளமாகப் போடலாம். படுக்கையறையில் போடுமுன் யோசிக்க வேண்டும். அங்கே ஒட்டுக் கண்ணாடி, அதாவது நடுவில் பிசின் தாள் வைத்து ஒட்டிய கண்ணாடி போட்டு, சாவியில்லாத கைப்பிடியையே வைத்துக்கொள்வது சிறப்பு. அது உடைந்தாலும் சிதறி விழாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். கடையில் கேட்கும்போது பதப்படுத்திய கண்ணாடியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பதப்படுத்திய கண்ணாடி ஒரே அடியில் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும்.

இனி கிரிலுக்கு வருவோம். நம்மவர்களின் உண்மையான சன்னல் பூட்டு அதுதான், உயிரைக் குடிப்பதும் அதுதான்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் தீப்பற்றியது. பிள்ளைகள் மேல்மாடியில் உறங்கிக்கொண்டிருந்தனர். வெளியேறும் வழியைத் தீ மறித்துக்கொண்டது. சன்னல்களிலோ திறக்க இயலாத இரும்புக் கம்பிகள். 21 மாணவர்களும் இரண்டு கண்காணிப்பாளர்களும் மாண்டனர். அந்தக் கம்பிகளை யாரும் கெட்ட எண்ணத்தில் பொருத்தவில்லை. பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும், வெளியார் உள்ளே வரக்கூடாது என்று நாம் நம் வீட்டில் எந்த எண்ணத்தில் பொருத்துகிறோமோ, அதே வகைக் கம்பிதான். அந்தச் செய்தி வந்த வாரம் இரும்பைத் தொட்டபோதெல்லாம் எனக்குக் கை கூசியது.

நம் தொடர் வீடுகளை எண்ணிப் பாருங்கள். நடுவில் உள்ள வீட்டுக்கு முன்னும் பின்னும் தவிர வேறு திறப்பு இல்லை. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்வாசலில் மோட்டார் சைக்கிள், காலணி அலமாரி, செய்தித்தாள் கட்டு, சில வீடுகளில் பழைய மெத்தைகூட இருக்கும். முன்புறம் பற்றிக்கொண்டால் பின்கதவுக்கு ஓட வேண்டும். பின்கதவில் கிரில், கிரிலில் பூட்டு, பூட்டின் சாவி முன்கூடத்து மேசையில். மேல்மாடிக்கு ஏறினால் சன்னலெல்லாம் கிரில். நெருப்பு வருமுன்பே புகை வந்துவிடும். புகை நிறைந்த அறையில் கண் தெரியாது, மூச்சும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. சுவாமி விளக்கு எரியும் வீடுகளில் திரைச்சீலை எங்கே இருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரிலாவது திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதை நான் வேலை எடுக்கும்போதே சொல்லிவிடுவது வழக்கம். அந்தத் திறப்பு ஒரு பெரியவர் நுழைந்து வெளியேறும் அளவுக்கு இருக்க வேண்டும். தலை மட்டும் போகிற திறப்பு ஏமாற்று வேலை. சன்னல் வெளியே திறந்தால் கிரில் உள்ளே இருக்கும், அதன் கதவும் உள்ளேதான் திறக்க வேண்டும். அங்கே அலமாரியையோ கட்டிலின் தலைமாட்டையோ வைத்து அடைத்துவிட்டால் பயனில்லை. வெளியே குதித்தால் எங்கே விழுவோம் என்பதையும் பார்க்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தின் கூரை கீழே இருக்கும் சன்னலே பெரும்பாலும் தகுந்த சன்னல். அதே கூரைமேல் திருடனும் ஏறுவான் என்பது உண்மை. அதனால்தான் அந்த ஒரு சன்னலுக்கு நல்ல பூட்டு வேண்டியிருக்கிறது.

அந்த நல்ல பூட்டு எது? உள்ளிருந்து சாவியின்றிக் கையால் திருப்பித் திறக்கும் தாழ்தான் முதல் தரம். வெளியிலிருந்து கை நீட்டி அதைத் தொட முடியாதபடி, தாழுக்கு முன்னால் ஒரு கெட்டியான இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள், கேட்பவர்தான் இல்லை. தொங்கு பூட்டுத்தான் வேண்டும் என்பவர்கள் வீட்டுக் கிரில்கள் அனைத்துக்கும் ஒரே சாவி பொருந்தும் பூட்டுகளாகக் கேட்டு வாங்கலாம். ஒரே சாவியில் பல பூட்டுகள் கடையில் தொகுப்பாகக் கிடைக்கின்றன. பத்துச் சாவி உள்ள கொத்தில் இருட்டில் ஒன்றைத் தேடுவது என்ன பாடு என்பது, கோயில் உக்கிராண அறைச் சாவியைத் தேடிய அன்பர்களுக்குத் தெரியும்.

சாவியை எங்கே வைப்பது என்பதில் பூட்டைவிட மிகுதியான கவனம் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூதாட்டியார் வீட்டுக்குக் கிரில் பழுது பார்க்கப் போயிருந்தேன். வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளும் அவர் இடுப்பில்தான்.

“பாட்டி, ராத்திரி படுக்கும்போது சாவி எங்க இருக்கும்?” என்றேன்.

“தலகாணிக்கு அடியில தம்பி. கள்ளன் வந்தா என்னத் தாண்டித்தான் எடுக்கணும்.”

“சரி. பேரப்பிள்ளைங்க எங்க படுக்கிறாங்க?”

“மேல. அவங்க ரூம்ல.”

“மேல இருக்கிறவங்க மேலேயே வெளிய போகணும்னா?”

பாட்டியார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இடுப்பிலிருந்த கொத்தை எடுத்து, மேல்மாடிச் சாவியைத் தாமே தேட ஆரம்பித்தார். ஆறாவது சாவிதான் அது. “இந்தாப்பா, இதுக்கு ஒரு ஆணி அடிச்சிட்டுப் போ” என்றார்.

ஆணி அடிக்கும் இடத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சன்னல் வழியாகக் கை நீட்டினால் எட்டக்கூடாது, கம்பியில் கொக்கி கட்டித் துழாவினாலும் அகப்படக்கூடாது, வெளியிலிருந்து பார்த்தால் கண்ணிலும் படக்கூடாது. அதே வேளையில் அறையில் படுப்பவர் சுவரைத் தடவிக்கொண்டே போய் எடுக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். சன்னலிருக்கும் சுவரிலேயே, திறப்பிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு அப்பால், திரைச்சீலைக்கு மறைவில் என்றால் பெரும்பாலும் சரியாக வரும். உயரம், வீட்டில் தனியாகத் திறக்கத் தெரிந்த பிள்ளையின் தோளளவு. அந்தச் சாவியை அங்கிருந்து வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. ஒருமுறை எடுத்தால் அது பிறகு குளிர்பெட்டிமேல்தான் கிடக்கும்.

அடுக்குமாடி வீடுகளில் கதையே வேறு. பத்தாவது மாடியில் சன்னல் வழியாக யாரும் தப்பப் போவதில்லை. அங்கே தீக்கு வழி கதவும் படிக்கட்டும்தான். ஆகவே உயிர்ப்பூட்டு எது என்றால் வாசல் கதவுக்கு வெளியே நாம் கூடுதலாகப் போடும் கிரிலின் பூட்டு. சன்னலில் அங்குள்ள ஆபத்து பிள்ளைகள் தவறி விழுவது. இதற்குத் திறப்பளவைக் கட்டுப்படுத்தும் தடுப்புக் கொக்கிகள் கிடைக்கின்றன. சன்னல் 10 சென்டிமீட்டர் அளவுக்குமேல் திறக்காமல் பிடித்துக்கொள்ளும், காற்று வரும், குழந்தை போகாது. பெரியவர்கள் அழுத்தி விடுவிக்கக் கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் 1976ஆம் ஆண்டிலேயே, பத்து வயதும் அதற்குக் குறைந்தும் உள்ள குழந்தைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளுக்குச் சன்னல் தடுப்புகள் கட்டாயம் என்று விதி செய்தனர். அந்த விதியில் ஒரு விலக்கு வைத்தார்கள் பாருங்கள், அதைத்தான் நான் மெச்சுகிறேன். தீக்காலத்தில் வெளியேறும் படிக்குச் செல்லும் சன்னலுக்கு அந்தத் தடுப்பைப் போடக்கூடாது என்றார்கள். நம் பகுதியில் இப்போது பரவிவரும் மெல்லிய எஃகுக் கம்பிகள், கண்ணுக்குத் தெரியாத கிரில் என்று விற்கிறார்களே, அவை உயரமான மாடிகளில் விழாமல் தடுக்க ஏற்றவை. தரைமாடியில் திருடனுக்கு அவற்றை நம்ப வேண்டாம், கம்பி வெட்டி ஒன்று போதும்.

பூட்டின் உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிள்ளானிலும், குறிப்பாகத் துறைமுகப் பக்கமும் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். பித்தளை உடலும் துருப்பிடிக்காத எஃகு வளையமும் உள்ள பூட்டுகளே அங்கே நிலைக்கும். துருவேறித் திறக்காத பூட்டு, சாவி தொலைந்த பூட்டுக்குச் சமம். நம் முன்னோர் பெருமையோடு கொண்டுவந்த திண்டுக்கல் பூட்டு சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைவேலைக்கு அது புகழ்பெற்றது, பெட்டிக்கும் பெருங்கதவுக்கும் அழகு. சன்னல் கிரிலுக்கு அதன் எடையும் பெரிய சாவியும் ஒத்துவராது.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை அன்பர்கள் விட்டுவிட வேண்டுகிறேன். விட்ட நாளில் வழவழவென்று திறக்கும், நாளாக ஆகத் தூசியைச் சேர்த்துப் பிசினாகி உள்ளேயுள்ள சிறு ஊசிகளைக் கட்டிப்போட்டுவிடும். பூட்டுக்கென்று விற்கும் காரீயகத் தூள் சிறிது போதும். அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சாவியின் பற்களில் தேய்த்து நாலைந்து முறை விட்டெடுத்தாலும் பயன் தெரியும். மாதத்தில் ஒருநாள் எல்லாக் கிரிலையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். அன்றைக்குப் பிள்ளைகளையே திறக்கச் சொல்லுங்கள், விளக்கை அணைத்துவிட்டு.

குடும்பத்தோடு பினாங்குக்கோ தமிழ்நாட்டுக்கோ புறப்படும்போது வீடு ஆளில்லாத வீடாகிவிடுகிறது. அப்போது எத்தனை பூட்டு வேண்டுமானாலும் போடலாம், சாவித் துளைக் கைப்பிடிகளையும் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லலாம். பெருநாட்காலத்தில் வெளியூர் செல்வோர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுப் போகும்படி காவல்துறை கேட்டுக்கொள்வதும் வழக்கம்தான். திரும்பி வந்த இரவு அலுப்பில் பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டுப் படுக்கத் தோன்றும். படுக்குமுன் மாடிக்கு ஏறி, பயணத்துக்காகப் போட்ட பூட்டுகளைக் கழற்றிவிட்டு, சாவியை அதன் ஆணியில் மாட்டிவிடுங்கள்.